உப்பண்ணன் செய்த பாலம்

உப்பண்ணனுக்கு அந்தப் பெயரை யார் வைத்தது என்று யாருக்கும் நினைவில்லை. வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் சம்பளப் பட்டியலில் அதைப் பார்த்த புது எழுத்தர் ஒருவர், இப்படி ஒரு ஆள் இங்கே வேலையே பார்க்கவில்லை என்று குறிப்பு எழுதி அனுப்பிவிட்டார். மூன்று மாதம் அவர் இல்லாத ஆளாகவே இருந்து வேலை பார்த்தார்.

வேலை என்றால் கரைசல் கலப்பது. நரம்புகளும் இதயமும் மின்சாரத்தை எப்படிக் கையாள்கின்றன என்று ஆராயும் கூடம் அது. சோடியம் இவ்வளவு, பொட்டாசியம் இவ்வளவு, கால்சியம் ஒரு கிள்ளு என்று இருபத்தாறு வருஷமாகக் கலந்து கொண்டிருந்தார். ஒரு தடவை கடற்கரைக்குப் போனவர், அலையில் காலை நனைத்து, விரலை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னைக்குக் கொஞ்சம் நீர்த்திருக்கு" என்றாராம். மறுநாள் செய்தித்தாளில், தொலைவில் ஓர் அணை திறந்துவிடப்பட்ட செய்தி வந்திருந்தது. அவர் சொன்னதைக் கேட்டவர்கள் மூன்று பேர். மூவருமே பொய் சொல்லாதவர்கள். அதிலும் ஒருத்தி அவருடைய மனைவி; புருஷனைப் பற்றி நல்லதாக ஒரு பொய்கூடச் சொல்லாதவள்.

ஆகையால் ஆய்வுக்கூடத்தில் எந்தச் சோதனை சொதப்பினாலும் முட்டையைச் சந்தேகிப்பார்கள், கருவியைச் சந்தேகிப்பார்கள், மின்வாரியத்தைச் சந்தேகிப்பார்கள். உப்பண்ணனின் கரைசலை மட்டும் சந்தேகிக்க மாட்டார்கள்.

முட்டை என்றது தவளை முட்டையை. கடுகளவு இருக்கும், பாதி கறுப்பு, பாதி வெளுப்பு. அதற்குள் மரபணுச் செய்தி ஒன்றை ஊசியால் செலுத்திவிட்டு மூன்று நாள் காத்திருந்தால், யாருக்கு, எதற்கு என்று ஒரு கேள்வி கேட்காமல், நாம் கேட்ட புரதத்தைச் செய்து தன் தோலில் பதித்துக் கொள்ளும். இவ்வளவு சொல்பேச்சுக் கேட்கிற பிறவியைத் தான் வீட்டிலும் கண்டதில்லை, அலுவலகத்திலும் கண்டதில்லை என்பார் உப்பண்ணன்.

அந்த முட்டைகளோடு ஐந்து வருஷமாக மல்லுக்கட்டியவள், கூடத்தில் ஆராய்ச்சி செய்யும் டாக்டரம்மா. அவள் பதிக்கச் சொன்ன புரதம் பொட்டாசியம் போகிற வாசல். நான்கு துண்டுகள் தோளோடு தோள் சேர்ந்து வட்டமாக நின்று, நடுவில் ஒரு துளை விட்டிருக்கும். அந்தத் துளையில் பொட்டாசியம் போகும், சோடியம் போகாது. இத்தனைக்கும் சோடியம்தான் உருவில் சின்னது. முதன்முதலாக இதைக் கேட்டபோது உப்பண்ணனுக்கு நியாயமாகவே படவில்லை.

"பெரியவன் போற வழியில சின்னவன் ஏம்மா போகக் கூடாது?"

"தண்ணியில இருக்கிற ஒவ்வொருத்தனும் தண்ணியாலயே ஒரு கோட்டு போட்டுக்கிட்டுத்தாண்ணே திரியிறான். துளையோட குறுகலான இடத்துல கோட்டைக் கழட்டணும். அங்க இருக்கிற சுவரு, கோட்டு இருந்த அதே இடத்துல பொட்டாசியத்தைப் பிடிச்சுக்கும். கழட்டினதே அவனுக்குத் தெரியாது. சோடியம் பொடியன். சுவரு அவனுக்கு எட்டாது. கழட்டினா குளிரும். போட்டுக்கிட்டே திரும்பிடுவான்."

இதைக் கேட்டதிலிருந்து உப்பண்ணனுக்குச் சோடியத்தின் மேல் ஒரு பரிவு. கலக்கும்போது அதை மட்டும் கொஞ்சம் மெதுவாகக் கொட்டுவார். அளவு மாறாது.

வாசல் மின்னழுத்தம் பட்டதும் திறக்கும். திறந்து ஒரு நொடியில் ஆயிரத்தில் சில பங்குகூட ஆகியிருக்காது; அதற்குள் அந்தப் புரதத்தின் உள்பக்கத்து நுனி, சங்கிலியில் கட்டிய உருண்டை மாதிரி தொங்கிக் கொண்டிருப்பது, வந்து துளையை அடைத்துவிடும். டாக்டரம்மா மரபணுவில் கத்தரி வைத்து அந்த உருண்டையை நறுக்கி எடுத்துவிட்டாள். உருண்டை இல்லாத வாசல், அழுத்தம் இருக்கும் வரை திறந்தே கிடக்கிறது என்பது அவள் கண்டது. இருபது நொடி வைத்துப் பார்த்தாலும் திரையில் மின்னோட்டத்தைக் காட்டும் கோடு மேசை விளிம்பு மாதிரி நேராகப் போனது. இந்த ஜாதி வாசலில் சிலவற்றுக்கு, உருண்டை போனாலும் வெளிப்பக்கத்து வாய் தானாகவே மெல்லச் சுருங்கி மூடிக்கொள்ளும் இன்னொரு வழி உண்டு என்பது துறையில் எல்லாருக்கும் தெரியும். "என் வாசலுக்கு அந்த வழி கிடையாது" என்பதுதான் அவள் கண்டுபிடிப்பு. கட்டுரையாக எழுதி, அது அச்சிலும் வந்திருந்தது. அவள் வேலை நிரந்தரமாவதும் அந்த நேர்கோட்டைப் பிடித்துத்தான் தொங்கிக் கொண்டிருந்தது.

இன்னோர் ஊரில் இன்னோர் ஆய்வுக்கூடம். அங்கே ஒருவர், அதே வாசலில் அதே உருண்டையை நறுக்கிப் பார்த்துவிட்டு, தன் திரையில் கோடு சில நொடிகளில் சரிகிறது என்று கடிதம் எழுதினார். இவள் பதில் எழுதினாள். அவர் மறுபதில் எழுதினார். கடிதங்களில் "மதிப்பிற்குரிய" என்ற சொல் கூடக் கூட, மதிப்பு குறைந்து கொண்டே வந்தது. இங்கே எல்லாரும் அவருக்கு எதிர்க்கட்சி என்று பெயர் வைத்துவிட்டார்கள். கடைசியில், திங்கட்கிழமை தானே வந்து, கண்ணெதிரே ஒரு முட்டையில் அந்த நேர்கோட்டைப் பார்க்கப் போவதாக எதிர்க்கட்சி எழுதினார். "வரட்டும்" என்றாள் டாக்டரம்மா.

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை மத்தியானம் டாக்டரம்மா ஒத்திகை பார்த்து முடித்துவிட்டு, கூடத்தின் தலைவரான பெரியவரைப் பார்க்கப் போயிருந்தாள். உப்பண்ணன் சோதனை மேசையைத் துடைக்க வந்தார். முட்டை உட்காரும் தொட்டி தீப்பெட்டியில் பாதி இருக்கும். அதன் விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. பழக்கதோஷம், விரல் போய்விட்டது. ஆய்வுக்கூடத்தில் எதையும் வாயில் வைக்கக் கூடாது என்று சுவரில் ஒரு தாள் உண்டு, ஒட்டியதே அவர்தான்.

நாக்கு சும்மா இருக்கவில்லை. உப்புக் கரித்து, பின்னாலேயே ஒரு கசப்பு வந்தது. சோடியத்துக்கு அந்தக் கசப்பு கிடையாது. தொட்டியில் ஊற்றியது அவர் கலந்த கரைசல். நூறு பங்கு சோடியத்துக்கு இரண்டு பங்குதான் பொட்டாசியம். இவ்வளவு கசக்க வழியே இல்லை.

தொட்டியில் மிச்சமிருந்ததை ஊசிக்குழலில் உறிஞ்சி, உப்புகளைச் சுடரில் எரித்து அளக்கிற கருவிக்குக் கொண்டு போனார். முதலில் புட்டியிலிருந்து கொஞ்சம். இரண்டு என்று காட்டியது. பிறகு தொட்டியில் எடுத்தது. இருபத்தொன்று. கருவியைக் கழுவி மறுபடி வைத்தார். இருபத்தொன்று. கருவியைத் தட்டினார். கருவிக்கு அவரைத் தெரியும். இருந்தும் இருபத்தொன்றுதான் என்றது.

புட்டியில் இல்லாத பொட்டாசியம் தொட்டிக்கு எப்படி வந்தது? வர ஒரே வழிதான் உண்டு. அதைச் செய்தவர் அவர்.

தொட்டியிலிருந்து மின்சாரம் திரும்பிப் போக, வளைந்த கண்ணாடிக் குழாய் ஒன்று வேண்டும். அதற்குள், கடற்பாசியில் எடுக்கும் அகர் என்ற பசையை அடர்த்தியான பொட்டாசிய உப்பு நீரில் காய்ச்சி ஊற்றி உறைய வைப்பார்கள். பாலம் என்று பெயர். சுவரில் இருக்கிற செய்முறைத் தாளில் நூற்றுக்கு மூன்று பங்கு அகர் என்று போட்டிருக்கும். இருபது வருஷத்துக்கு முன்னால் அப்படிச் செய்த ஒரு பாலத்துக்குள் காற்றுக் குமிழி சிக்கி, யாரோ ஒருவரின் மூன்று மாதப் பதிவு பாழாயிற்று. "உன் பாலத்துல காத்துதான் ஓடுது" என்று பெரியவர் எல்லார் முன்னாலும் சொன்னார். அன்றைக்கே உப்பண்ணன் அகரை ஒரு பங்காகக் குறைத்துவிட்டார். இளக்கமாக இருந்தால் குமிழி தங்காது. அதற்கப்புறம் ஒரு குமிழி கிடையாது. தாளைத் திருத்தவும் இல்லை. திருத்தினால் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் அந்தப் பழைய வார்த்தையை மறுபடி சொல்லவேண்டி வரும்.

இளக்கமான அகர் உப்பைப் பிடித்து வைக்காது; மெல்ல மெல்லத் தொட்டிக்குள் விடும். சாதாரணமாக அதனால் கெடுதல் இல்லை. தொட்டியில் கரைசல் ஓடிக் கொண்டே இருக்கும், கசிந்ததை அடித்துக் கொண்டு போய்விடும். ஆனால் டாக்டரம்மாவுக்கு ஒரு பழக்கம். இருபது நொடிப் பதிவு எடுக்கும் நாட்களில், சொட்டுகிற சத்தத்தில் கோடு நடுங்குகிறது என்று ஓட்டத்தை நிறுத்திவிடுவாள். முட்டை குட்டைத் தண்ணீரில் உட்கார்ந்திருக்கும். பாலம் கசிந்து கொண்டிருக்கும். ஐந்து வருஷமாக.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உப்பண்ணன் சூப்பைக் குடித்து முடித்துக் கிண்ணத்தைத் தள்ளினார். அவர் மனைவி நகரப் பேருந்து ஓட்டுபவள். வாரத்தில் ஒரு நாள்தான் விடுமுறை. அன்றைக்கு அவள் வீட்டையும் பேருந்து மாதிரியே ஓட்டுவாள்.

"நல்லா இருந்துச்சா?"

"ம்."

"அதுல நான் உப்பே போடலை. சும்மா பார்க்கலாம்னு விட்டேன். ஒரு கிண்ணம் முழுக்க உள்ள போயிருக்கு. உடம்புக்கு என்ன உங்களுக்கு?"

அவர் சொன்னார். வாசல், உருண்டை, கோடு, பாலம், இருபத்தொன்று, எல்லாம். சொல்லிவிட்டு, "வெளியில பொட்டாசியம் கூடிப் போச்சுன்னா வாசல் ஏன் மூட மாட்டேங்குதுன்னுதான் எனக்குப் பிடிபடலை. மூடுறதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார்.

"அந்த வாய் எப்படி மூடும்னு சொன்னீங்க?"

"குறுகலா இருக்கிற இடம் தானா இன்னும் சுருங்கிக்கும்."

"உள்ள ஆள் இல்லாதப்பதானே சுருங்க முடியும்," என்றாள் அவள், கிண்ணத்தைக் கழுவிக் கொண்டே. "என் வண்டியில முன்கதவு மடிஞ்சு மூடுற கதவு. படியில ஒருத்தர் நின்னாப் போதும், நான் என்ன பட்டனை அமுக்கினாலும் மூடாது. நிறுத்தத்துல கூட்டம் நெரிஞ்சா ஒருத்தர் ஏறி நகர்ந்ததும் அடுத்தவர் படியில கால் வெச்சிடுவார். கதவு திறந்தேதான் கிடக்கும். கூட்டம் இல்லாத நிறுத்தத்துல தானா மூடிக்கும்."

உப்பண்ணனுக்குப் பிடிபட்டது. தொட்டியில் பொட்டாசியக் கூட்டம். குறுகலில் ஒன்று நகர்ந்தால் வெளியிலிருந்து இன்னொன்று கால் வைக்கிறது. சுருங்க இடமில்லை. ஆக, டாக்டரம்மாவின் வாசலுக்கும் மூடத் தெரியும். அதை மூடவிடாமல் ஐந்து வருஷம் ஆள் நிறுத்தி வைத்தது அவருடைய பாலம்.

"நாளைக்கு அதே இளக்கமான பாலத்தை வெச்சா அந்தப் பொண்ணு ஜெயிச்சிடும்," என்றார். "கெட்டியா ஒண்ணு வெச்சா, வந்தவன் முன்னாடி தோத்துடும், ஏன்னும் தெரியாது. சொன்னா, அஞ்சு வருஷம் போச்சு. என் பேரும் போச்சு."

"என்கிட்ட என்ன கேக்கறீங்க?"

"சொல்லணுமான்னு."

"பிரேக் சரியாப் பிடிக்கலைன்னா நான் டிப்போவுல எழுதிக் கொடுத்துட்டுத்தான் இறங்குவேன். அடுத்து அந்த வண்டியை எடுக்கிற ஆள் யாருன்னு எனக்குத் தெரியாதே," என்றாள். பிறகு உப்புக் குப்பியை அவர் முன்னால் வைத்தாள். "சூப்பு இன்னும் இருக்கு. இந்தத் தடவை ருசி பார்த்துக் குடிங்க."

திங்கட்கிழமை காலை டாக்டரம்மா சீக்கிரமே வந்துவிட்டாள். முட்டைகளைப் பொறுக்கிக் கொண்டிருந்தாள்.

"டாக்டரம்மா, ஒரு விஷயம்."

"எதிர்க்கட்சி வந்தாச்சா?"

"இல்லை. ஆளுங்கட்சியில ஒரு கோளாறு."

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் நிறுத்தினாள். அவர் எண்களைச் சொன்னார், பாலத்தைச் சொன்னார். ஒரு பங்கு என்று சொல்லும்போது மட்டும் குரல் இறங்கியது.

"ஒண்ணா?" என்றாள். "தாள்ல மூணுன்னு இருக்கேண்ணே. நான் கட்டுரையிலயும் மூணுன்னுதானே எழுதியிருக்கேன்."

"ஆமாம்மா."

"எத்தனை நாளா?"

"நீங்க இங்க சேர்றதுக்கு முன்னாடியிருந்தே."

அவள் கையிலிருந்த முட்டைத் தட்டை மேசைமேல் வைத்தாள். வைத்த இடம் சரியில்லை என்பது போல இன்னொரு இடத்துக்கு நகர்த்தினாள். அப்புறம் மறுபடி பழைய இடத்துக்கே. திட்டுவாள் என்று உப்பண்ணன் காத்திருந்தார். இருபது வருஷத்துக்கு முன்னால் வாங்கியதைவிடப் பெரிதாக வாங்கத் தயாராகத்தான் வந்திருந்தார். அவள் திட்டவில்லை. அது அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"இதை நீங்க சொல்லாம இருந்திருந்தா?"

"இன்னைக்கு நீங்க ஜெயிச்சிருப்பீங்க."

"அப்புறம்?"

"என்னைக்காவது நான் லீவு போடுவேன். வேற யாராவது தாளைப் பார்த்துக் கெட்டியாப் பாலம் செய்வாங்க."

அவள் ஜன்னல் பக்கம் போய் நின்றாள். முதுகைக் காட்டிக் கொண்டே, "ஓட்டத்தை நிறுத்தச் சொல்லி யாரும் எனக்குச் சொல்லலை. கோடு அழகா வரணும்னு நானாத்தான் நிறுத்தினேன். நிறுத்தினேன்னும் கட்டுரையில எழுதலை" என்றாள். பிறகு திரும்பி, "மூணு பங்குல இப்ப ஒரு பாலம் செய்ய எவ்வளவு நேரமாகும்?" என்று கேட்டாள்.

"முக்கால் மணி."

"செய்யுங்க. பழசையும் தூக்கிப் போட்டுடாதீங்க."

எதிர்க்கட்சி வந்தபோது பாலம் உறைந்திருந்தது. கடிதங்களைப் படித்து, ஆறடி உயரமும் அதற்கேற்ற மீசையும் இருக்கும் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். வந்தவர் ஒல்லியாக, சளிப் பிடித்து, கைக்குட்டையும் கையுமாக இருந்தார்.

டாக்டரம்மா புது முட்டை ஒன்றைத் தொட்டியில் வைத்து, கெட்டிப் பாலத்தைப் பொருத்தி, கரைசலை ஓடவிட்டு, அழுத்தம் கொடுத்தாள். கோடு செங்குத்தாக எழுந்தது. ஒரு கணம் நின்றது. பிறகு, யாரோ மெல்லப் பெருமூச்சு விட்டது போல, சரிய ஆரம்பித்தது. இருபதாவது நொடியில் பாதிக்கும் கீழே வந்துவிட்டது.

"நீங்க எழுதினது சரி," என்றாள்.

எதிர்க்கட்சி வருகிற வழியெல்லாம் ஒரு பேச்சுத் தயாரித்துக் கொண்டு வந்திருந்தார், நல்ல பேச்சு, அதை இப்போது எங்கே வைப்பது என்று தெரியாமல் மூக்கைச் சிந்திக் கொண்டார்.

"இப்ப என்னோட கோட்டைப் பாருங்க." அதே முட்டை. இளக்கமான பாலத்தை மாட்டினாள், ஓட்டத்தை நிறுத்தினாள், கால் மணி காத்திருந்தாள். அழுத்தம் கொடுத்ததும் கோடு எழுந்து, எழுந்த இடத்திலேயே நேராக ஓடியது. இருபது நொடியும் அசையவில்லை.

"அதே முட்டையா?"

"நீங்க கண்ணை எடுக்கவே இல்லையே."

அவர் திரைக்கு அருகே குனிந்தார். "உயரம் கொஞ்சம் கம்மி. உங்க படங்கள்ல எப்பவுமே கம்மியாத்தான் இருக்கும். முட்டை மட்டம்னு நினைச்சேன். வெளியில பொட்டாசியம் ஏறிக்கிட்டிருந்திருக்கு, அதான் உள்ளேர்ந்து வெளிய வர்றது குறைஞ்சிருக்கு. எவ்வளவு?"

"இருபத்தொண்ணு," என்றார் பின்னால் நின்ற உப்பண்ணன்.

"பாலத்துலேர்ந்து கசியுது," என்றாள் டாக்டரம்மா. "ஓட்டத்தை நிறுத்தினது நான். இன்னைக்கு மத்தியானமே கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கிறேன்னு எழுதிடுவேன்."

"யார் செஞ்ச பாலம்?"

"கூடத்துது," என்றாள் சட்டென்று.

"நான் செஞ்சது சார்," என்றார் உப்பண்ணன். "ஒரு பங்குதான் அகர். மூணுன்னு தாள்ல இருந்துச்சு. நான் யார்கிட்டயும் சொல்லாம மாத்தினேன்."

 எதிர்க்கட்சி அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பிறகு போட்டிருந்த கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார்.

"அஞ்சு இருந்தா எப்படி இருக்கும்? பத்து? கலந்து கொடுக்க முடியுமா?"

உப்பண்ணன் கலந்தார். ஐந்து, பத்து, பதினைந்து என்று புட்டிகளை வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றையும் சுடரில் எரித்து அளந்த பிறகே கொடுத்தார். கருவி சரியாகத்தான் காட்டும் என்று தெரிந்தும் அளந்தார். இந்தத் தடவை கெட்டிப் பாலம், ஓடுகிற கரைசல், முட்டை வாசலில் அளந்து நிறுத்திய பொட்டாசியம். ஐந்தில் கோடு வேகமாகச் சரிந்தது, பத்தில் தயங்கிச் சரிந்தது, பதினைந்தில் மனசே இல்லாமல் சரிந்தது. மத்தியானச் சாப்பாட்டை மூவரும் மறந்தார்கள். பெரியவர் ஒரு தடவை எட்டிப் பார்த்தார். சண்டை நடக்கும் என்று வந்தவர், மூன்று முதுகுகளைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். நிரந்தரம் இன்னும் ஒரு வருஷமாவது தள்ளிப் போகும் என்று டாக்டரம்மாவுக்கு அந்த எட்டிப் பார்த்தலிலேயே தெரிந்துவிட்டது. அவள் அடுத்த முட்டையை எடுத்தாள்.

நான்கு மணிக்கு அவள் கடிதத்தை எழுதி அனுப்பினாள். இரண்டு காரணமும் அதில் இருந்தன. உப்பண்ணன் படித்துப் பார்த்து, ஒரு பங்கு என்று எண்ணாலும் எழுத்தாலும் போடச் சொன்னார், போட்டாள்.

கிளம்பும்போது எதிர்க்கட்சி கைக்குட்டைக்குள்ளிருந்து, "உங்க பாலத்துல நாலஞ்சு எனக்குக் குடுங்க. நான் போய்ச் சொன்னா எங்க ஆளுங்க நம்ப மாட்டாங்க. எங்க தொட்டியிலயும் கோடு நேராகுதான்னு பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார்.

உப்பண்ணன் கண்ணாடிக் குப்பி ஒன்றை எடுத்து, உப்பு நீர் ஊற்றி, ஐந்து பாலங்களை அதில் இறக்கி மூடினார். இங்கே அவர் குப்பிகளுக்கு எப்போதும் சீட்டு ஒட்டியதில்லை. அவர் செய்தது என்று எல்லாருக்கும் தெரியும், அதற்கு மேல் தெரிய வேண்டியதும் இல்லை என்று இருந்தது. இது வெளியூர் போகிறது. ஒரு சீட்டை வெட்டி எடுத்தார். பொட்டாசிய உப்பின் அளவை எழுதினார். அகர், ஒரு பங்கு என்று எழுதினார். தேதி போட்டார். இன்னும் ஒரு வரிக்கு இடம் இருந்தது. கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்துக் கொண்டே நின்றார். பிறகு, தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரி பெரிய எழுத்தில், "கசியும்" என்று எழுதி, சீட்டு உரியாதபடி நான்கு ஓரமும் அழுத்தி ஒட்டினார்.